வெள்ளிக்கிழமை பிரியாணி

வளைகுடா விமானம் இறங்கும் நேரத்தில் திருச்சி விமான நிலைய வாசலில் நின்றிருக்கிறீர்களா? வெளியே வரும் தள்ளுவண்டிகளில் சூட்கேஸுக்குச் சமமாக அட்டைப்பெட்டிகள் இருக்கும். பிரவுன் டேப் சுற்றி, நைலான் கயிறு கட்டி, மார்க்கரால் கொட்டை எழுத்தில் பெயரும் ஊரும். உள்ளே என்ன இருக்கும் என்று எங்கள் திண்டுக்கல் பக்கம் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நிடோ பால் பவுடர், டேங், பேரீச்சை, பாதாம், கோடாலித் தைலம், இந்த வெயிலுக்கு யாரும் போர்த்தாத ஒரு கனத்த போர்வை.

பிலிப்பைன்ஸில் இந்தப் பெட்டிக்குத் தனிப் பெயரே உண்டு: பாலிக்பாயன் பெட்டி. ‘பாலிக்பாயன்’ என்றால் ஊர் திரும்புகிறவர். வெளிநாட்டில் இருப்பவர்களை ஊருக்கு வரவழைக்க 1973-ல் மார்கோஸ் அரசு தொடங்கிய திட்டத்தோடு பரவிய சொல். போகப்போக ஆள் வராமல் பெட்டி மட்டும் வர ஆரம்பித்தது. திரும்புகிறவரின் பெயரை, திரும்ப முடியாதவரின் பெட்டி எடுத்துக்கொண்டது. டப்பா மாட்டிறைச்சி, சாக்லேட், சோப்பு, பற்பசை என்று மாதக்கணக்கில் சேர்த்து நிரப்பி, கப்பலில் அனுப்புவார்கள். 2015-ல் சுங்கத்துறை இந்தப் பெட்டிகளைப் பிரித்துச் சோதிக்கப்போவதாகச் சொன்னதும் நாடே கொதித்தது. மறு ஆண்டு வந்த சட்டம் வரிவிலக்கு வரம்பை 1,50,000 பெசோவாக உயர்த்தியது. வரிக்காக மட்டும் அத்தனை கோபம் வராது. அம்மா பிள்ளைக்கு ஊட்டும்போது இடையில் ஒருவன் கையை விட்டால் வருகிற கோபம் அது.

ஆனால் அது ஊட்டுவதுதானா? என் கேள்வி அங்கேதான்.

‘அன்புதான், வேறென்ன’ என்று முடித்துவிடலாம். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. ஜோன் டிரோண்டோ என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1993-ல் எழுதிய புத்தகத்தில் பராமரிப்பை நான்காகப் பிரிக்கிறார். தேவையைக் கவனிப்பது, பொறுப்பை ஏற்பது, கையால் செய்வது, பெறுகிறவர் அதை எப்படி ஏற்றார் என்று அறிவது. தூரத்தில் இருப்பவரால் முதல் இரண்டையும் ஓரளவு செய்ய முடியும். மூன்றாவது எப்போதும் வேறு யாரோ ஒருவரின் கை. மணிலாவில் அது பாட்டியின் கையாகவோ சித்தியின் கையாகவோ இருக்கலாம். எங்கள் வீட்டில் அது என் கை.

அண்ணன் சார்ஜாவில் பதினோரு வருஷம். அம்மாவுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம். பேரீச்சையும் சாக்லேட்டும் இன்னும் வருகின்றன. சொல்லாமல் இல்லை, சொன்னோம். ‘ஒண்ணு ரெண்டு சாப்ட்டா என்ன ஆயிரும்’ என்கிறான். அவன் விட்டுப்போன அம்மா, திருவிழாவில் அல்வாவை ஒளித்துவைத்துச் சாப்பிட்டவள். அந்த அம்மாவுக்குத்தான் அவன் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். விரலில் ஊசி குத்தி ரத்தம் பார்க்கிற, அளந்து போட்ட சாமைச் சோறு சாப்பிடுகிற இந்த அம்மாவை அவனுக்கு அவ்வளவாகத் தெரியாது.

இப்போது பெட்டிக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆப் வந்துவிட்டது. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. குளித்து, துவைத்து முடித்துவிட்டு அம்மா ஞாபகம் வரும்போல. ஒரு வெள்ளி மதியம் ஆரஞ்சு சட்டை போட்ட பையன் சீரகச் சம்பா மட்டன் பிரியாணியோடு வாசலில் நிற்கிறான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. பெட்டியின் சூடு ஆறுவதற்குள் போன். ‘சாப்ட்டியாம்மா?’ ‘சாப்ட்டேன் சாமி, கறி பஞ்சு மாதிரி இருந்துச்சு.’ பிரியாணி அப்போது எதிர்வீட்டுப் பையனின் தட்டில் இருந்தது. அம்மா ஒருமுறை சொன்னதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மாதம் ஒரு வெள்ளி பிரியாணி வருகிறது, மாதம் ஒருமுறை அம்மா பொய் சொல்கிறாள்.

பெட்டியின் மேல் அனுப்பியவன் பேர் இருக்கிறது. தினமும் ஆக்கிப்போடுகிறவள் பேரை எதில் எழுதுவது? சொந்தக்காரர்கள் வந்தால் ‘மகன் அங்கிருந்தே சோறு போடுறான்’ என்று அம்மா சொல்வதை அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறேன். பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொறாமைக்காரி சொல்கிறாள் என்பதாலேயே கேள்வி தப்பாகிவிடாது.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதையை இந்த இடத்தில்தான் நான் நினைத்துக்கொள்வேன். மதுரையில் சிந்தாதேவி கொடுத்த அமுதசுரபியால் ஊருக்கெல்லாம் சோறு போட்டவன். நாடு செழித்ததும் உண்ண ஆள் வரவில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். நடுவழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. கையில் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், சுற்றிலும் ஒரு ஆள் கிடையாது. தான் மட்டும் உண்ண மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து சாகிறான். இதை ஈகையின் உச்சம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது கடல் தாண்டிப் போனவனின் கதை. பசித்தவனுக்குச் சோறு எவ்வளவு தேவையோ, போடுகிறவனுக்கு உண்கிறவன் அவ்வளவு தேவை. அந்த ஆள் இல்லாவிட்டால் பாத்திரம் நிறைய இருந்தும் தொண்டையில் இறங்குவதில்லை.

அப்படிப் பார்த்தால் வெள்ளிக்கிழமை பிரியாணி அம்மாவின் பசிக்கு வருவதில்லை, அண்ணனின் பசிக்கு வருகிறது. அம்மாவிடம் நேராகவே கேட்டேன், ஏன் உண்மையைச் சொல்லக்கூடாது என்று. ‘ஏழெட்டுப் பேரு படுக்குற ரூம்ல கட்டில் மேல தட்டை வச்சுச் சாப்புடுறான்டி. நான் சாப்ட்டேன்னு தெரிஞ்சாத்தான் அவனுக்குச் சோறு எறங்கும்’ என்றாள். ஆக, அவளும் அவனுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள், பொய்யை வைத்து.

எனக்கு இதில் பாதிதான் சம்மதம். அவனுக்குச் சோறு இறங்குகிறது, சரி. ஆனால் டிரோண்டோ சொன்ன நான்காவது, பெறுகிறவரின் பதில், அது பொய்யாகவே போய்க்கொண்டிருந்தால் அனுப்புகிறவன் திருந்த வழி ஏது? வியாழக்கிழமை அனுப்பு, பேரீச்சைக்குப் பதில் பாதாம் அனுப்பு என்று சொன்னால் அவன் கேட்க மாட்டானா? இப்போதைய அம்மாவைத் தெரிந்துகொள்ள அவனுக்கு உரிமை இருக்கிறது. அதை மறைப்பது அன்பாக இருக்கலாம், ஆனால் அவனை இன்னும் கொஞ்சம் தூரத்தில் வைக்கிறது.

போன மாதம் யாரோ சார்ஜா போகிறார்கள் என்று அம்மா குழம்புப் பொடி திரித்தாள். கசகசாவை அமீரகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, பிடித்தால் ஜெயில். அதனால் பொட்டுக்கடலையைச் சேர்த்தாள். பொடி போய்ச் சேர்ந்ததும் போன் வந்தது. ‘அதே ருசிம்மா. அப்பிடியே நம்ம வீட்டுக் குழம்பு.’

அம்மா போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தாள். ‘கசகசா இல்லாம எப்பிடி அதே ருசி வரும்? பொய் சொல்றான் பய.’