தலையசைப்பும் சம்மதமும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்ததும் வருவது சந்தாபுரா. அங்கு வாழும் தமிழன்பர்களிடையே பேசி முடித்தபோது ஓர் இளைஞர் எழுந்தார். ‘சுவாமி, என் பொறுப்பில் பன்னிரண்டு பேர் பணிபுரிகிறார்கள். புதிய முறை ஒன்றை விளக்கினால் அனைவரும் தலையசைக்கிறார்கள். மறுநாள் பழைய வழியிலேயே செல்கிறார்கள். என்ன செய்வது?’ என்று கேட்டார்.

காந்தியடிகளுக்கும் இந்தச் சங்கடம் நேர்ந்தது. 1915 மே மாதம் அகமதாபாத்தை அடுத்த கோச்ரபில் அவர் ஆசிரமம் தொடங்கினார். தீண்டத்தகாதவர் என்று சமூகம் ஒதுக்கியவராயினும், தகுதியுடையவர் வந்தால் சேர்த்துக்கொள்வதாக நண்பர்களிடம் முன்பே கூறியிருந்தார். பெரிய மறுப்பு எழவில்லை. அப்படி ஒருவர் எங்கே வரப்போகிறார் என்ற நிம்மதிதான்!

செப்டம்பரில் தூதாபாய், மனைவி தானிபென்னுடனும் குழந்தை லட்சுமியுடனும் வந்து சேர்ந்தார். அதுவரை கொள்கையாக இருந்தது அடுக்களைக்குள் வந்துவிட்டது. கஸ்தூரிபாவின் மனம் ஒப்பவில்லை. ஆசிரமத்தின் தூணாக விளங்கிய உறவினர் மகன்லாலின் மனைவியும் எதிர்த்தார். கிணற்றில் நீரிறைப்பவர் ஏசினார். நன்கொடைகள் நின்றன. அடுத்த மாதத்திற்குப் பணமில்லை என்று மகன்லால் கூறியபோது, அப்படியானால் ஒதுக்கப்பட்டோரின் குடியிருப்புக்கே சென்றுவிடுவோம் என்றார் காந்தியடிகள். அதிகம் பழகாத செல்வந்தர் ஒருவர் காரில் வந்து 13,000 ரூபாய் தந்து சென்றதைப் பலரும் வியந்து பேசுவர். அடியேனுக்கு வியப்பு அதுவன்று.

மகன்லாலும் மனைவியும் ஆசிரமத்தை விட்டுச் சென்னை சென்றனர், நெசவு கற்றனர், சில மாதங்களில் மனம் தெளிந்து திரும்பினர். அவர்களுக்காகக் கதவு திறந்தே இருந்தது. பிரிய விரும்பினால் நண்பர்களாகவே பிரியலாம் என்று கஸ்தூரிபாவிடமும் சொல்லப்பட்டிருந்தது. மனைவியிடம் சொல்லக்கூடிய சொல்லா அது என்று வருந்துவோர் உண்டு, நானும் வருந்துகிறேன். ஆயினும் அன்னையாரும் காலப்போக்கில் மாறினார். லட்சுமியைப் பின்னாளில் காந்தியடிகள் தம் மகளாகவே ஏற்றார்.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்று நம் முன்னோர் படிகளாக வகுத்துள்ளனர். தலைவர் தாம் தெளிவதற்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறார். பிறருக்கோ அரைமணி நேரக் கூட்டம் ஒன்றைத் தருகிறார்.

இளைஞரிடம் கேட்டேன்: ‘உங்கள் புதிய முறையால் யாருக்கு இழப்பு?’

‘முதலில் அவர்களுக்குத்தான், சுவாமி. பழகிய வேலையை விட வேண்டும்.’

‘உங்களுக்கு?’

அவர் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தார், பிறகு அமர்ந்தார்.