செலவில்லாத காணிக்கை

தாவீது ராஜா ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். கொள்ளைநோய் நிற்க வேண்டும் என்று பலிபீடம் கட்டப் போகிறார். இடத்துக்குச் சொந்தக்காரன் அர்வனா என்கிற எபூசியன். களத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பலிக்கு மாடுகள் இருக்கின்றன, விறகுக்கு நுகத்தடிகூட இருக்கிறது என்று எல்லாவற்றையும் சும்மா தூக்கிக் கொடுக்கிறான். ராஜா கேட்கவில்லை. தனக்குச் செலவு வைக்காத பலியைக் கடவுளுக்குச் செலுத்த மாட்டேன் என்று 50 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கல்லை அடுக்குகிறார். சாமுவேலின் இரண்டாம் புத்தகம், 24ஆம் அதிகாரம். நாளாகமம் இதே கதையைச் சொல்லும்போது 600 சேக்கல் பொன் என்கிறது. வெள்ளி களத்துக்கும் மாடுகளுக்கும், பொன் முழு இடத்துக்கும் என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கில் அக்கறை இல்லை.

எங்கள் சபையில் காணிக்கை எடுக்கிறதற்கு முன்னால் இந்த வசனத்தைச் சொல்வார்கள். கேட்டதும் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். அதற்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் கோயில் கீபோர்டுக்கு ஒரு புத்தகத் தாங்கி செய்து கொடுத்ததிலிருந்து இந்த வசனம் என்னைச் சும்மா விடவில்லை. அதற்கு எனக்கு ஆன மொத்தச் செலவு 140 ரூபாய்.

நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ் போகிற தூரத்தில் ஒரு சின்ன சபை. ஞாயிறு ஆராதனைக்கு நான்தான் வாசிக்கிறேன். 61 கட்டை வைத்த சாதாரண கீபோர்டு, யார் வீட்டிலோ பிள்ளை வாசித்து அலுத்த பிறகு எங்களுக்கு வந்தது. பின்னால் செருகுகிற பிளாஸ்டிக் தட்டு வழியிலேயே தொலைந்துவிட்டது. பாமாலையும் கீர்த்தனையும் சேர்த்து பைண்டு பண்ணின தடிப் புத்தகம் எங்களுடையது. நடுப்பக்கத்தில் பாட்டு வந்தால் விரித்தபடி கிடக்கும். தொடக்கத்திலோ கடைசியிலோ வந்தால் தானே மூடிக்கொள்ளும். தலைக்கு மேலே ஃபேன் வேறு. இரண்டாம் சரணத்தில் பக்கம் புரண்டால் இடது கையால் பிடிக்க வேண்டும். அந்த நேரம் பேஸ் நின்றுபோகும், கொயர் பிள்ளைகள் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்க்கும்.

கடையில் மடக்குகிற இரும்பு ஸ்டாண்டு கிடைக்கிறது. கமிட்டியில் சொன்னால் வாங்கியும் கொடுப்பார்கள். ஆனால் அது தரையில் மூன்று காலை விரித்து நிற்பது. கீபோர்டு மேஜைக்குப் பின்னால் வைத்தால் என் கண்ணாடிக்கு எழுத்து எட்டாது. அதனால் சமையலறை அலமாரி செய்தபோது மிஞ்சிய பிளைவுட் துண்டை எடுத்துக்கொண்டு, அந்த அலமாரியைச் செய்த ஆசாரியிடமே போனேன். அவர் பட்டறையில் ரம்பத்திலும் இழைப்புளியிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பலகையை 18க்கு 12 அங்குலமாக அறுத்தார். தேவையான ரீப்பர் சட்டமும் தன் கையிலிருந்தே போட்டார். கூலி எவ்வளவு என்று கேட்டேன்.

"சாமி காரியத்துக்கு அறுத்ததுக்கு என்ன காசு, டீச்சர்? கொண்டு போங்க."

நான் கொண்டு வந்துவிட்டேன். தாவீது இருந்திருந்தால் காசை வைத்துவிட்டுத்தான் நகர்ந்திருப்பார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதுதான் யோசனை. அர்வனா இஸ்ரவேலன் இல்லை. வேற்று இனத்தான் ஒருவன் அந்தக் கடவுளுக்கென்று மனசாரக் கொடுக்க வந்தான். ராஜா அதை விலைக்கு வாங்கி, கொடுத்த புண்ணியத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். வேதத்தை இப்படி வாசிக்கலாமா என்று எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "டீச்சர், தாவீதுக்கு அன்றைக்குச் செலவு செய்யவேண்டிய கட்டாயம் இருந்தது, பாவம் அவருடையது" என்றார். நியாயம்தான். கொள்ளைநோய்க்குக் காரணமான ஜனக்கணக்கை எடுக்கச் சொன்னது அவர்தானே. ஆசாரியிடம் நான் காசைத் திணித்திருந்தால் அவருடைய காணிக்கை என்னுடைய ரசீது ஆகியிருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

சரி, அவர் கொடுத்தது காணிக்கை. நான் கொடுத்தது என்ன? சுவிசேஷத்தில் இரண்டு காசு போட்ட விதவையை இங்கே துணைக்குக் கூப்பிட முடியாது. சபைகளில் சின்னதாக எதைக் கொடுத்தாலும் உடனே அந்த அம்மாளை இழுக்கிறோம். அவளிடம் இருந்ததே அவ்வளவுதான், முழுசையும் போட்டாள். என் பிளைவுட் மீந்தது. இயேசு அவளுக்கு எதிரே நிறுத்தியதே மீந்ததிலிருந்து போட்டவர்களைத்தான். நேரம் செலவழித்தேன் என்று சொல்லலாமா? ரிட்டயர் ஆனவளுக்கு நேரமும் மீந்ததுதான்.

விலையை வைத்துப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. எங்கள் பக்கத்து அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குக் காலணாப் பேரம் பேசுகிற அதே ஆள், கோயிலில் படைத்த முருங்கைக்காய் கட்டை ஏட்டிக்குப் போட்டியாகப் பத்து மடங்கு விலைக்கு எடுப்பார். பக்தியும் உண்டு, எதிர்வீட்டுக்காரர் கேட்ட விலையும் உண்டு.

வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில்தான் எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. இரண்டு ரீப்பர் சட்டங்களை மேஜைமேல் முன்பின்னாகக் கிடத்தினேன். கீபோர்டின் இடதுபக்க ரப்பர் கால்கள் ஒன்றின் மேலும் வலதுபக்கக் கால்கள் மற்றதன் மேலும் உட்காரும். சட்டங்களின் பின்முனையில் எல் ஆங்கிள் முடுக்கி நிமிர்ந்த கால் இரண்டு. அவற்றை இணைத்துக் குறுக்கே ஒரு சட்டம். அதன் நடுவில் பலகை, லேசாகப் பின்சாய்ந்து. கீபோர்டின் கனமே தாங்கியைப் பிடித்துக்கொள்ளும். கீபோர்டில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். ஸ்பீக்கர் இரண்டும் மேல்பக்கம் இரண்டு ஓரத்திலும் இருக்கிறதால் பலகை நடுவில் மட்டும்தான் இருக்கலாம், சத்தத்தை மறைக்கக் கூடாது. கீழே புத்தகம் உட்காரும் விளிம்பு அரை அங்குலத்துக்கு மேல் எழும்பக் கூடாது, எழும்பினால் பக்கம் திருப்பும்போது கட்டைவிரல் தட்டும். ஃபேன் காற்றுக்குப் பலகையின் குறுக்கே தையல்கடை எலாஸ்டிக்.

மாட்டி வாசித்தபோது கீழ் ஸ்தாயியில் எஃப் கட்டையைத் தொட்டால் மட்டும் 'ஜிர்ர்' என்று ஒரு சத்தம். மற்ற கட்டைகளில் இல்லை. எந்தப் பலகைக்கும் அதற்கென்று ஒரு அதிர்வு உண்டு. அதே சுருதி பக்கத்தில் ஒலித்தால் கூடவே ஆடும். ஆங்கிளும் மரமும் உரசும். ஆங்கிளுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்து முடுக்கினேன், அடங்கிவிட்டது. அந்தச் சத்தத்தை இரண்டாம் வரிசையில்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். கோயில் காரியம்தானே, மனசு நல்லா இருந்தால் போதும் என்று அதை விட்டிருந்தால், அதுதான் தாவீது வேண்டாம் என்று சொன்ன பலி. விலை குறைவு குற்றமில்லை. பக்தியைக் காட்டி அரைவேலையை ஒப்பேற்றுவது குற்றம்.

யாத்திராகமத்தில் என்னை வெகுநாளாக உறுத்திய ஒரு முரண் உண்டு. 20ஆம் அதிகாரத்தில், கல்லால் பலிபீடம் கட்டினால் உளி படாத கல்லாக இருக்க வேண்டும், உளி பட்டால் தீட்டு என்று கட்டளை. ஐந்து அதிகாரம் தாண்டினால், ஆசரிப்புக் கூடாரத்து மேஜை 2 முழ நீளம், 1 முழ அகலம், ஒன்றரை முழ உயரம் என்று அங்குலம் பிசகாத உத்தரவு. அதைச் செய்ய பெசலெயேல், அகோலியாப் என்று இரண்டு கைவினைஞர்கள், அதற்கென்றே ஞானம் நிரப்பப்பட்டவர்கள். கைவேலை வேண்டுமா வேண்டாமா? திருகாணி முடுக்கும்போது தோன்றியது, இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன: செய்கிறவனின் ஜம்பத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு இடத்தில் உளியைப் பிடுங்கி, இன்னொரு இடத்தில் அளவைக் கையில் கொடுத்து. என் பலகைக்கும் அளவு கொடுத்தது நான் இல்லை. புத்தகத்தின் உயரமும், கட்டைவிரலும், ஸ்பீக்கரும்தான்.

மரமும் அப்படித்தான். கூடாரத்துக்கு எடுத்த சீத்திம் மரம் நம் கருவேலத்துக்கு உறவு. (சீமைக் கருவேலம் இல்லை, அது வேறு.) வனாந்தரத்தில் கைக்குக் கிடைத்தது அது. ஆசாரியர்கள் கை கால் கழுவுகிற வெண்கலத் தொட்டியையோ, கூடார வாசலில் ஊழியம் செய்த பெண்கள் கொடுத்த முகம் பார்க்கும் கண்ணாடிகளை உருக்கிச் செய்தார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடி மெருகேற்றிய வெண்கலம். மேஜைக்கும் பெட்டிக்கும் முழக் கணக்கு சொல்லும் வேதம் தொட்டிக்கு அளவே சொல்லவில்லை. பெசலெயேலின் தாத்தா பெயர்வரைக்கும் எழுதியிருக்கிறது. அந்தப் பெண்களில் ஒருத்தி பெயர்கூட இல்லை. கண்ணாடி போன பிறகு தொட்டியைப் பார்த்து, இதில் எந்த ஓரம் என்னுடையது என்று அவர்களால் சொல்லியிருக்க முடியாது. செலவு என்றால் இதுதான் என்று எனக்குப் படுகிறது. பணமில்லை, நேரமில்லை, இது என்னுடையது என்று சொல்கிற பாத்தியதை.

ஆறாம் நூற்றாண்டில் மடத்துத் துறவிகளுக்கு ஒழுங்குமுறை எழுதிய பெனடிக்ட், கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்பார்கள், இதைக் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறார். மடத்துச் சாமான்கள் எல்லாவற்றையும் பலிபீடத்துப் பாத்திரம்போல மதிக்கச் சொல்வது 31ஆம் அதிகாரம். தன் கைத்திறனால் மடத்துக்கு லாபம் என்று ஒரு கைவினைஞனுக்குத் தலைக்கனம் வந்தால் அவனை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிடச் சொல்வது 57ஆம் அதிகாரம். நம் ஊரில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' எழுதுகிறோம். கோயில் என்றும் சர்ச் என்றும் இதில் வித்தியாசம் கிடையாது.

எங்கள் செயலரும் பலகையின் பின்பக்கம் என் பெயரை எழுதிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். எழுதுவதானால் ஆசாரி பெயரையும் எழுத வேண்டும், அவர் கூச்சப்படுவார். இந்தக் கட்டுரை எழுதுவதும் ஒருவகையில் பெயர் போடுவதுதான். அதனால்தான் ஊரைச் சொல்லவில்லை.

இப்போது கொயர் பையன்கள் அதில் புத்தகத்துக்குப் பதில் டேப்லெட் வைக்கிறார்கள். எலாஸ்டிக் திரையை மறைக்கிறதாம், கழற்றிவிட்டார்கள். இந்த வருஷ ஏலப் பணத்தில் புது கீபோர்டு வாங்கப் பேச்சு நடக்கிறது. அதற்குத் தட்டு அதோடேயே வரும். நீங்களும் உங்கள் கோயிலுக்கு இப்படி எதையாவது செய்து கொடுத்திருந்தால், அது இருக்கிறதா, யார் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போகாதீர்கள். போகவேண்டி வந்தால் ஒரு ஸ்குரூ டிரைவரோடு போங்கள். ஆங்கிள் திருகாணிகள் மழைக்காலம் முடிந்தால் தளரும்.