பூ முருகனுக்கா, தேன்சிட்டுக்கா?

ஓம் சரவணபவ!

நட்புகளே, செவ்வாய்க்கிழமை பூஜைக்கு விடியறதுக்கு முன்னாடியே செம்பருத்திச் செடியை மொட்டையடிக்கிற கட்சியா நீங்க? நானும்தான். நாம வீட்டுக்குள்ள போன பிறகு அந்தச் செடிக்கு ஒருத்தர் வர்றார். பார்த்திருக்கீங்களா?

ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. நீளம் 10 செ.மீ. அளவுதான். ஆணுக்கு முதுகு அரக்குச் சிவப்பு, வயிறு மஞ்சள், உச்சந்தலையில பச்சை, தொண்டையில ஊதா. பச்சையும் ஊதாவும் வெயில் பட்டாத்தான் மின்னும், இல்லேன்னா கறுப்பாத் தெரியும். மயில் கழுத்து மாதிரியேதான்! பெண்ணுக்கு இந்தப் பகட்டெல்லாம் கிடையாது. ஆனா சிலந்தி நூலால பட்டைத் துணுக்கை ஒட்டி, தொங்குற பை மாதிரி கூடு கட்டுறது பெரும்பாலும் அவதான். வாசலுக்கு மேல குட்டியா ஒரு தாழ்வாரம் வேற வைப்பா. காட்டுக்குப் போய்த் தேட வேண்டாம், வீட்டுத் தோட்டத்துலயே இருக்கும்.

செம்பருத்தி பெரிய பூ. அதனால அடியில அலகால குத்தித் தேனை உறிஞ்சிடும். திருட்டுதான். களவு வழியில வள்ளியைக் கைப்பிடிச்சவர் அதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டார்.

"குருவி வாய் வச்சது எச்சில்டா, சாமிக்கு ஆகாது"ன்னாங்க அப்பத்தா. பழநி பஞ்சாமிர்தத்துல தேன் இருக்கே, அது தேனீ வாய்ல இருந்துதானே வந்துச்சுன்னு கேட்டேன். அவங்க விடல. "வள்ளியே ஆலோலம் பாடிக் குருவி விரட்டினவதானே?"

இது நல்ல கேள்வி. ரெண்டு நாள் யோசிச்சேன். தினை குறவர் குடும்பத்தோட சாப்பாடு. குருவி தின்னுட்டா வீடே பட்டினி. பூ குறைஞ்சா முருகன் பட்டினியா கிடக்கப் போறார்? இன்னொரு உயிரோட காலைச் சாப்பாட்டை முழுசா எடுத்து அவர் காலடியில வச்சுட்டு, அதை என் காணிக்கைன்னு எப்படிச் சொல்றது? அதுக்காகப் பூவே பறிக்காதேன்னா, அதுவும் எனக்கு ஒப்பல. வேலுக்குப் பூ சாத்துற சந்தோஷம் சும்மா இல்ல.

செம்பருத்தி ஒரு நாள் பூ. சாயங்காலம் எப்படியும் வாடிடும். கீழ விழுந்ததைச் சாத்துறதும் வழக்கமில்ல, பவளமல்லி தவிர. அதனால இப்போ குருவி வந்துட்டுப் போன பிறகுதான் பறிக்கிறேன், அதுவும் நாலஞ்சு பூ. போன செவ்வாய் பறிச்சதுல ஒண்ணோட அடியில சின்ன ஓட்டை. அதையும் வேல் பக்கத்துல வச்சேன். அப்பத்தா பார்த்தாங்க, எடுக்கல.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!