குளிர்ச்சிக்கும் ஓர் அளவுண்டு

அன்பர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத்! என் அறை 10 அடிக்கு 10 அடி. 2 டன் ஏ.சி. வாங்கப் போகிறேன். ஹலாலான பணம்தானே, தவறென்ன?"

பணம் ஹலாலாக இருப்பது ஒன்று. செலவு முறையாக இருப்பது வேறொன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இரு கை கொள்ளும் அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்திருக்கிறார்கள். அங்கே அளவுகோல் தேவைதான்.

ஏ.சி.யிலும் அப்படியே. ஒரு டன் என்பது, ஒரு டன் ஐஸ்கட்டி 24 மணி நேரத்தில் உருகத் தேவையான வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் ஆற்றல். 100 சதுர அடிக்குச் சாதாரணமாக அது போதும். மிகப் பெரியது சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும். காற்றின் ஈரத்தை எடுக்க அவகாசமிராது. அறை சில்லிட்டும் பிசுபிசுக்கும். அடிக்கடி நின்று ஓடுவதால் கருவியும் தேயும். இன்வெர்ட்டர் வகை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் எல்லையுண்டு.

மிகச் சிறியதை வாங்குவதும் சிக்கனமன்று. ஓயாமல் ஓடியும் குளிராது. மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை, மேற்கு வெயில் தாக்கும் சுவர், பலர் படுக்கும் இடம் என்றால் ஒன்றரை டன் கேட்பது விரயமாகாது, அது தேவை.

ஆகவே கடைக்குப் போகுமுன் அறையை அளந்து பாருங்கள். உள்ளத்தையும் அளந்து பாருங்கள். கேட்பது உடம்பின் தேவையா, அண்டை வீட்டார் காணவேண்டுமென்ற பெருமையா? தேவைக்கு மார்க்கம் தடை சொல்லவில்லை. பெருமைக்கோ எத்தனை டன்னும் போதாது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நடுநிலையைத் தந்தருள்வானாக! ஆமீன்.