இன்னொரு கதவு

சட்டத்தின் மொழியில் 'விருப்பம்' என்பது மிகவும் எளிய சொல். படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட்டால் விருப்பம், போடாவிட்டால் விருப்பமில்லை. மனித மனத்திலும் அது அவ்வளவு எளிதாகத்தான் இருக்கிறதா என்ற கேள்வி சில மாதங்களாக என்னை விடாமல் அலைக்கழிக்கிறது.

தேசிய மாணவர் படையை எடுத்துக்கொள்வோம். என்.சி.சி. என்றால்தான் நமக்குச் சட்டென்று விளங்கும். பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் 1946இல் அமைந்த குழுவின் யோசனைப்படி, 1948 ஏப்ரலில் அதற்கென்று சட்டம் வந்தது. ஜூலையில் படை பிறந்தது. அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. காக்கி அணிந்து கவாத்துப் பழகிவிட்டான் என்பதற்காக ஒரு மாணவனைப் போர்முனைக்கு வா என்று யாரும் இழுக்க முடியாது. சேருவதும் அவன் இஷ்டம், பின்னால் சிப்பாயாவதும் அவன் இஷ்டம்.

இந்தத் தாராள மனம் பதினைந்து ஆண்டுதான் நின்றது. 1962இல் சீனப் போர் வந்து நம்மை உலுக்கிவிட்டுப் போயிற்று. 1963இல் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி கட்டாயமாயிற்று. எண்ணிக்கை பெருகியது, பயிற்சி மெலிந்தது. வருகைப் பதிவுக்காக வந்து நிற்கும் ஆயிரம் பேரைக் கொண்டு எந்த அதிகாரியால் என்ன செய்ய முடியும்? 1968இல் கட்டாயம் நீங்கிற்று. அதே ஆண்டு ஜனவரியில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நம் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் ஓர் அம்சமாக இருந்தது. கீழ்ப்படி என்று சொல்கிறவன் எந்த மொழியில் சொல்கிறான் என்பதும் மானத்தைச் சேர்ந்த விஷயந்தான்.

ஆக, 1968 முதல் எல்லாம் விருப்பம். இதோடு விவகாரம் முடிந்ததென்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

முடியவில்லை என்று எனக்குக் காட்டியது ரிஷிவந்தியம்.

உறவினர் வீட்டு விசேஷம் ஒன்றுக்காக அந்த ஊரில் நான்கு நாள் தங்க நேர்ந்தது. அர்த்தநாரீஸ்வரர் கோயிலும், கரும்புத் தோட்டங்களும், தியாகதுருகம் போகும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டமுமாக உள்ள ஊர். விடியும் முன்பே சாலையில் தடதடவென்று ஓட்டச் சத்தம். பத்துப் பன்னிரண்டு பையன்கள். இரண்டொருவர் காலில்தான் நல்ல ஷூ, மற்றவர்கள் வெறுங்கால். ராணுவத் தேர்வில் 1600 மீட்டரை ஐந்தரை நிமிடத்திற்குள் ஓடி முடித்தால் முழு மதிப்பெண். அதற்காகத்தான் இந்த ஓட்டம். ஓடி முடித்ததும் ஒருவன் மட்டும் வேப்பமரக் கிளையைப் பற்றித் தொங்கினான். தொங்கிக்கொண்டே இருந்தான். எதற்கு என்று கேட்டேன். "உயரம் 166 சென்டிமீட்டர் வேணுங்க. நான் 165தான்" என்றான். கிளையில் தொங்கினால் வளரலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவர்களில் பலர் பள்ளியில் மாணவர் படையில் இருந்தவர்கள். அப்படியொரு படையை நடத்தும் ஆசிரியர் ஒருவரையும் அங்கே சந்தித்தேன். வகுப்பில் கணக்கு நடத்துவார். பரேடு நாளில் காக்கி அணிந்து அதிகாரி ஆகிவிடுவார். நாகபுரிக்குப் பக்கத்தில் காம்ப்டி வரை போய்ப் பயிற்சி பெற்றவர். இந்தப் பெரிய அமைப்பு முழுவதும் இவரைப் போன்ற வாத்தியார்களின் தோளில்தான் நிற்கிறது. நாடு அவர்களுக்குக் கொடுப்பது தோளில் ஒரு பட்டை, கையில் ஒரு சிறு தொகை. அதற்காக யாரும் இவ்வளவு வெயில் காய மாட்டார்கள்.

"ஆண்டு தொடக்கத்தில்தான் எனக்குத் தூக்கம் போய்விடும், சார்" என்றார். "இடம் இருப்பது ஐம்பது. வந்து நிற்பவர்கள் நூற்றைம்பது. திடமான பையனை எடு என்கிறது விதி. ஆனால் திடமில்லாத பையனுக்குத்தான் இது தேவை. ஒருவன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிட்டது, பரேடு முடிந்ததும் கொடுக்கும் டிபனுக்காக வருகிறான் என்று. சேர்த்துக்கொண்டேன். வேறொருவன் இடம் போயிற்று. செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது."

சரியென்றே நான் சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை.

அந்தப் பையனும் படிவத்தில் கையெழுத்துப் போட்டவன்தானே? சட்டத்தின் கணக்கில் அவனும் விருப்பத்தின் பேரில் வந்தவன். கட்டாயம் அவனை இழுக்கவில்லை. ஆனால் விருப்பமும் இழுக்கவில்லை. பசி இழுத்தது.

திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர், படையை ஆறாகப் பிரிக்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. இவற்றுள் மூலப்படையே சிறந்தது என்பது அவர் கருத்து. வழிவழியாக மன்னனைச் சார்ந்து வருகிற அது ஆபத்தில் ஓடாது. கூலிக்கு வந்தவன் உயிரை எண்ணிப் பார்ப்பான் என்பது பழைய நம்பிக்கை. டிபனுக்கு வந்த பையனை இந்த ஆறில் எதில் சேர்ப்பது? கூலிப்படை என்றுதான் பண்டிதர்கள் சொல்வார்கள். எனக்கு அது சம்மதமில்லை. வயிற்றுக்காக வந்து, பிறகு தான் நின்ற இடத்தை உயிரினும் பெரிதாக மதித்தவர்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு. வந்த காரணத்தை வைத்தே ஒருவனை அளப்பதென்றால், சம்பளத்துக்காகப் பாடம் சொல்லும் ஆசிரியரையும், பீஸ் வாங்கும் வைத்தியரையும், பத்திரிகைச் சன்மானத்துக்காக எழுதும் என்னையும் அந்தக் கோலாலேயே அளக்க வேண்டும்.

குறை பையனிடம் இல்லை. அவன் வருகைக்கு 'விருப்பம்' என்று பெயர் சூட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போகிற நம்மிடம் இருக்கிறது.

எனக்கு நகரத்தில் ஒரு நண்பர் உண்டு. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடே இல்லையே! எல்லாரையும் பிடித்து இரண்டு வருஷம் பட்டாளத்தில் போட்டால்தான் நாடு உருப்படும்" என்று அடிக்கடி முழங்குவார். அவருடைய பிள்ளை இன்ஜினீயரிங் நுழைவுத் தேர்வுக்கு இரண்டு இடத்தில் டியூஷன் படிக்கிறான். 'எல்லாரையும்' என்ற சொல்லில் தம் பிள்ளையும் அடக்கம் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. ஒரு நாள் அவரிடம் பிரதேச ராணுவத்தைப் பற்றிச் சொன்னேன். 1949 அக்டோபரில் ராஜாஜி தொடங்கி வைத்தது; தம் சொந்தத் தொழிலை விடாமலே ஆண்டில் சில வாரம் பயிற்சி பெற்று, தேவைப்படும்போது நாட்டுக்குக் கைகொடுக்கும் குடிமக்களின் படை. "அதில் 42 வயது வரை சேரலாமாம். உங்களுக்கு 41தானே?" என்றேன். அவருக்கு நெடுநாளாக முதுகுவலி என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்காக, மறுபடியும் கட்டாயம் கொண்டுவா என்று நான் சொல்லமாட்டேன். கட்டாயம் என்றால் என்னவென்று அந்த வட்டாரத்தாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மேற்கே கல்வராயன் மலையில், நாடு விடுதலையடைந்து இருபத்தொன்பது ஆண்டு கழித்து, 1976இல்தான் ஜாகீர் ஆட்சி ஒழிந்தது. அதுவரை மலைவாழ் மக்கள் ஜாகீர்தார்களின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தார்கள். அதற்கும் 'கடமை' என்ற நல்ல பெயர் இருந்திருக்கும். தியாகதுருகம் கோட்டைக்கு 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மாறிமாறி மோதினார்கள். பின்னால் திப்புவின் படையும் வந்தது. அந்தச் சுவரடியில் விழுந்த சிப்பாய்களுக்கு, எவன் கொடி மேலே பறந்தால் என்ன? கூழுக்கு வழி செய்தவன் கொடி.

ஒருவன் தன் விருப்பத்தால் ஒரு கதவின் வழியே நுழைந்தான் என்று சொல்ல வேண்டுமானால், பக்கத்தில் இன்னொரு கதவும் திறந்திருக்க வேண்டும். ஒரே கதவுள்ள வீட்டிலிருந்து வெளியே வருகிறவனைப் பார்த்து, இந்த வழியைத் தேர்ந்தெடுத்தான் என்று பாராட்டுவது பொய். கட்டாயத்தை ஒழித்த நாடு பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. வேலையும் படிப்பும் கிடைக்கும் என்று தெரிந்தும் ஒரு ரிஷிவந்தியத்துப் பையன் காக்கியை நாடி வந்தால், அப்போது அவனை மூலப்படை என்று நான் தயங்காமல் சொல்வேன். நகரத்தில் ஏழு கதவு திறந்திருந்தும் எட்டாவதாக இதில் நுழைகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை இந்தக் கட்டுரை குறைத்துப் பேசவில்லை. அவர்கள் சிலரே என்பதுதான் என் கவலை.

இப்போது நுழைந்த கதவும் நிலையானதாக இல்லை. 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞனுக்கு நான்கு ஆண்டு சேவை. முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிலைப்பார்கள். மற்றவர்கள் ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்புவார்கள், ஓய்வூதியம் கிடையாது. மாணவர் படைச் சான்றிதழ் இருந்தால் தேர்வில் சலுகை மதிப்பெண் உண்டு. வாத்தியார் கொடுக்கும் இடத்துக்கு இத்தனை போட்டி ஏன் என்று இப்போது விளங்கும்.

வேப்பங்கிளையில் தொங்கிய பையனின் தாயார், நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று கேள்விப்பட்டு, புறப்படும் நாளில் வாசலில் வந்து நின்றாள். கரும்பு வெட்டிவிட்டு வந்த கை; சோகை கிழித்த கீறல்கள்.

"ஐயா, நாலு பேரில ஒருத்தனைத்தான் வச்சுக்குவாங்களாமே, மெய்தானுங்களா?"

"மெய்தான் அம்மா. நாலு வருஷம் கழித்து."

"அந்த மூணு பேரும் வீட்டுக்கு வந்து என்ன பண்ணுவாங்க?"

பணத்தைப் பற்றிச் சொன்னேன். போலீஸிலும் மற்றக் காவல் படைகளிலும் அவர்களுக்கு ஒதுக்கீடு பேசப்படுவதைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவன் இன்னும் ஒரு விரக்கடை வளருவானுங்களா?" என்று கேட்டாள்.