சிவப்பில் எழுதிய பெயர்

மருத்துவமனைகளில் கணினி முறையைக் கொண்டுவரும் திட்டம் எதிலும் ஓர் அட்டவணை தவறாமல் இருக்கும். மாற்றத்தை ஆதரிப்பவர் பச்சை, தயங்குபவர் மஞ்சள், எதிர்ப்பவர் சிவப்பு. இங்கிலாந்தில் முதுகலை படித்தபோது கற்ற இந்த வித்தையைப் பல ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்து வருகிறேன். ஒரு மருத்துவமனையின் பக்கவாத வார்டில், மூத்த செவிலியர் ஒருவரின் பெயரைச் சிவப்பில் எழுதினேன்.

அவர் எதிர்த்தது ஒன்றைத்தான். வார்டில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையை எடுக்கக் கூடாது என்றார். விழுங்க முடியாத நோயாளிகளின் படுக்கை எண்ணுக்கு எதிரே அதில் சிவப்புக் காந்தம் ஒட்டியிருக்கும். அதே தகவல் கணினியில் இன்னும் விரிவாக இருக்கிறது, இரண்டு இடத்தில் பதிந்தால் முரண்பாடு வரும் என்று விளக்கினேன். கேட்க நியாயமான வாதம்தான். பலகை இறங்கியது.

இரண்டாவது வாரம், வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாத முதியவர் ஒருவர் முன்னால் காலை உணவுத் தட்டு வைக்கப்பட்டது. முதல் கரண்டிக்கு முன் அந்தச் செவிலியரே பார்த்துத் தடுத்தார். என்னிடம் அவர் கோபப்படவில்லை. "பலகை எனக்காக இல்லை. சாப்பாடு கொண்டுவருகிறவருக்கு உங்கள் கணினியில் கடவுச்சொல் கிடையாது" என்றார். முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். பயிற்சி வகுப்பில் அவர் சொல்லத் தொடங்கியபோது, கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்வோம் என்று நான் நிறுத்தியது நினைவுக்கு வந்தது.

இதனால் எதிர்ப்பவர்கள் எல்லோரும் ஞானிகள் என்று ஆகிவிடாது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை முடித்து வரும் மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கைகழுவ வேண்டும் என்றார். ஏப்ரலில் 18 விழுக்காட்டைத் தாண்டியிருந்த தாய்மார் இறப்பு ஜூலைக்குள் 2 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. அப்படியும் பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை.

மறுபுறம், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சில நாட்களுக்குள் மருந்துக் கட்டளைகள் அனைத்தும் கணினிக்கு மாறின. வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு 2.80 விழுக்காட்டிலிருந்து 6.57 ஆனதாக 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குழந்தை வழியில் இருக்கும்போதே கட்டளை எழுதி வைப்பது முன்பு வழக்கம். புதிய முறையில் குழந்தை வந்து பதிவான பிறகே எழுத முடிந்தது. அதே மென்பொருளை நிறுவிய சியாட்டில் மருத்துவமனையில் இறப்பு கூடவில்லை என்று அடுத்த ஆண்டே இன்னோர் ஆய்வு வந்தது. ஆகவே கருவியை மட்டும் பழிக்க முடியாது.

அப்படியானால் எந்த எதிர்ப்புக்குச் செவிசாய்ப்பது? எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே: இந்த மாற்றத்தால் நோவது யாருக்கு என்று எதிர்ப்பவரைக் கேட்பது. வியன்னா மருத்துவர்களுக்கு நொந்தது தங்கள் கையே கொன்றது என்ற எண்ணம். செவிலியர் சுட்டியது படுக்கையில் கிடந்தவரை. இந்த அளவுகோலும் முழுமையானதல்ல. பதினோராவது மணிநேரப் பணியில் புதிதாக ஒன்றைக் கற்கச் சலிப்பவரின் சலிப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்காமல் எதையும் பிரித்தறிய முடியாது. கேட்பதற்கு என் அட்டவணையில் கட்டமே இல்லை.

இன்னொரு உண்மையும் உண்டு. மாற்றத்தை வடிவமைத்த நான் பன்னிரண்டு வாரத்தில் கிளம்பிவிட்டேன். அதோடு வாழ்வது அவர்கள். விளைவைச் சுமக்காதவன் கையில் முடிவு இருப்பதே இத்தொழிலின் ஒழுக்கச் சிக்கல் என்று இன்று நினைக்கிறேன்.

போகுமுன் பலகையைத் திரும்ப மாட்டச் சொன்னேன். ஆனால் இறுதி அறிக்கையில் அந்தக் காலைச் சம்பவத்துக்குக் காரணம் 'ஊழியர் பயிற்சிக் குறைபாடு' என்று எழுதினேன். கையெழுத்து என்னுடையது. அந்தச் செவிலியர் அதைப் படித்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.