மருந்து மட்டும் எஞ்சும்போது

திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் உண்டு. மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று அதன் நிறைவுக் குறள் வகுத்துரைக்கிறது: நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர். இந்நான்கும் கூடியிருக்கும்போதுதான் மருந்து தன் பணியைச் செம்மையாகச் செய்கிறது. மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக விலகி, மருந்து மட்டும் எஞ்சிவிட்டால் என்ன நேரும்? இக்கேள்விக்கு இக்காலம் தரும் தெளிவான விடை, தூக்க மாத்திரை.

புனே மாநகரைச் சேர்ந்த கோந்த்வா ஒரு காலத்தில் கிராமம். இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கின்றன. அத்தகைய குடியிருப்பு ஒன்றில் பணி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் வாழ்வதாகக் கொள்வோம். மனைவியை இழந்த துயரில் அவருக்கு உறக்கம் போயிற்று. மருத்துவர் இரண்டு வாரங்களுக்கு அல்பிரசோலம் எழுதித் தந்தார். உறக்கம் வந்தது. மீண்டும் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. பழைய சீட்டே போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் தொலைவில் இருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகள் கழிந்தன. இப்போது ஒரு நாள் மாத்திரை இல்லாவிட்டால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, விடியும்வரை விழித்திருக்கிறார்.

இவர் மது அருந்தியவரல்லர்; இன்பத்தை நாடி எதையும் உட்கொண்டவரல்லர். சொன்னதைச் செய்தவர். ஆயினும் இன்று விடமுடியாத நிலையில் இருக்கிறார். இதில் குற்றம் யாருடையது? இதிலிருந்து மீள்வது மனவலிமையால் ஆகக்கூடியதா?

பிணைப்பு எவ்வாறு உண்டாகிறது?

இம்மாத்திரைகள் தீய நோக்கத்தில் பிறந்தவையல்ல. அவற்றுக்கு முன் வழக்கிலிருந்த பார்பிட்யூரேட் வகை மருந்துகள், அளவு சற்று மிகுந்தாலும் உயிரைப் பறித்தன. அவற்றினும் பாதுகாப்பானதைத் தேடிய வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக்கின் ஆய்விலிருந்து, 1960ஆம் ஆண்டில் லிப்ரியமும் 1963ஆம் ஆண்டில் வாலியமும் விற்பனைக்கு வந்தன. பென்சோடயசெபின் எனப்படும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே அல்பிரசோலம், குளோனசெபாம், நைட்ரசெபாம் முதலியன.

மூளையின் பரபரப்பைத் தணிக்க, காபா என்ற பொருள் இயல்பாகவே அதில் சுரக்கிறது. மாத்திரை அதன் ஆற்றலைப் பெருக்குகிறது. நாள்தோறும் இவ்வுதவி வெளியிலிருந்து வரும்போது, மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. தணிக்கும் ஆற்றலுக்கு அது காட்டும் இணக்கம் குறைகிறது. சில வாரங்களிலேயே இம்மாற்றம் தொடங்கிவிடலாம். பின்னர் மாத்திரையை நிறுத்தினால், பழைய தூக்கமின்மை முன்னினும் கடுமையாகத் தாக்குகிறது. “பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் என்னால் உறங்க முடியாது” என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். நோய் திரும்பிவிட்டதாக அவர் எண்ணுவது, பெரும்பாலும் மருந்து விலகுவதன் விளைவே.

இதனை அறிந்தால் குற்றம் பற்றிய கேள்வி தெளிவடையும். பொருளின் மீது கொண்ட வேட்கை வேறு. பொருளுக்கு உடல் பழகிப்போன நிலை வேறு. முன்னதில் மனம் ஓடுகிறது. பின்னதில் உடல் கட்டுண்டிருக்கிறது. சிலரிடம் இரண்டும் சேர்ந்திருக்கலாம். ஆனால் மருத்துவர் சொற்படி தொடங்கிச் சிக்கியவர்களில் பலரிடம் இருப்பது பின்னதே. அவர்களை ‘அடிமை’ என்று இகழ்வது அறமன்று, பயனுடையதும் அன்று. இகழ்ச்சிக்கு அஞ்சியவர் மாத்திரையை மறைக்கிறார். மறைப்பதால் வேறு நோய்க்குச் செல்லும்போதும் மருத்துவருக்கு உண்மை தெரியாமற் போகிறது. மதுவுடனோ கடுமையான வலிநீக்கி மருந்துகளுடனோ இம்மாத்திரை சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும் என்பதால், மறைப்பு உயிருக்கே இடராகலாம்.

இகழ்ச்சிக்கு நேர்மாறான பிழை, அலட்சியம். “எல்லோரும் போடுவதுதானே” என்று அண்டை வீட்டாருக்குத் தம் மாத்திரையைக் கொடுப்பவர்கள் உண்டு. மருத்துவர் அறிவுரையின்றித் தூக்க மருந்துகளை உட்கொள்வோர் நாட்டில் ஏறத்தாழ 1.18 கோடிப் பேர் என்று, எய்ம்ஸ் நிறுவனம் மத்திய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. முதியோரிடம் இம்மருந்து நினைவை மங்கச் செய்கிறது, நடையைத் தளர்த்துகிறது. இரவில் எழுந்தவர் விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் அதனால் நேர்கிறது.

சங்கற்பத்தின் உண்மை வடிவம்

ஆன்மிக வாழ்வில் நாட்டமுடையோர் இங்கே மற்றொரு பிழைக்கு ஆளாகக்கூடும். ஒரு நன்னாளில் உறுதி பூண்டு, மாத்திரைகள் அனைத்தையும் எறிந்துவிட்டு, இனித் தொடேன் என்று விரதம் ஏற்பதே அது. புலால், புகையிலை போன்றவற்றை அவ்வாறு விட்டவர்கள் உண்டு, அது போற்றத்தக்கது. ஆனால் பழகிப்போன தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், அரிதாக உயிரும் போகலாம். இந்த உடல் விளைவை மன உறுதி தடுத்துவிடாது. வலிப்பு வந்தவரைப் பார்த்து “உனக்கு நம்பிக்கை போதவில்லை” என்று கூறுவது பெருங்கொடுமை.

அப்படியானால் மன உறுதிக்கு இங்கே இடமில்லையா? உண்டு, அதன் வடிவம்தான் வேறு. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை, இம்மருந்துகளிலிருந்து விடுபட விரும்புவோருக்கென ஒரு மருத்துவப் பிரிவை நடத்தியவர் பேராசிரியை ஹெதர் ஆஷ்டன். நோயாளிகள் கூறியதைச் செவிமடுத்து அவர் கண்ட வழி, மிக மெதுவாகக் குறைப்பது. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே வலியுறுத்துகிறது: இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, 5 முதல் 10 சதவீதம் அளவில் குறைக்கத் தொடங்கலாம், இரண்டு வாரத்தில் 25 சதவீதத்துக்கு மேல் குறைக்கலாகாது. தாங்க முடியாதபோது சற்று நின்று, பிறகு தொடரலாம். இவ்வாறு மாதங்கள் ஆகலாம். ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ஒரே நாளில் துறப்பது வீரமாகத் தோன்றும். மாத்திரையில் ஒரு சிறு பகுதியைக் குறைத்து, வரும் சில கடினமான இரவுகளைப் பொறுத்து, மறுபடியும் ஒரு சிறு பகுதியைக் குறைப்பது கண்ணுக்குத் தெரியாத தவம். இரண்டாவதே இங்கு வைராக்கியம்.

இவ்வழியை மருத்துவரின் துணையோடுதான் மேற்கொள்ள வேண்டும். வலிப்பு நோய்க்காகவும் வேறு காரணங்களுக்காகவும் இக்குடும்ப மருந்துகளை உட்கொள்வோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது அவசியமான மருந்து. யாருக்கு நிறுத்தலாம், யாருக்குக் கூடாது என்பதைக் கட்டுரைகள் தீர்மானிக்க முடியாது.

விலகியவர்களைத் திரும்ப அழைத்தல்

குறள் கூறிய நால்வரில் விலகிப்போன மூவரையும் திரும்பக் கொண்டுவருவதே சிகிச்சையின் சாரம். முதலாவது மருத்துவர். 2014 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள ‘எச்1’ பட்டியலின்படி, அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடம் போன்றவற்றை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயரையும் நோயாளியின் பெயரையும் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். பழைய சீட்டுக்கு மருந்து தர மறுக்கும் கடைக்காரரைச் சினந்து கொள்ளாதிருப்பதும் ஒரு நல்லொழுக்கமே.

இரண்டாமவர் நோயுற்றவரே. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், இம்மாத்திரைகளை நீண்ட காலம் உட்கொண்ட முதியோர் சிலருக்கு, மருந்தின் தன்மையையும் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் சிறு கையேடு தரப்பட்டது. 2014இல் வெளியான அவ்வாய்வின்படி, ஆறு மாதத்தில் அவர்களில் 27 சதவீதத்தினர் மாத்திரையை விட்டிருந்தனர். கையேடு பெறாதவர்களில் விட்டவர்கள் 5 சதவீதமே. அவர்களுக்கு அதட்டல் தேவைப்படவில்லை, அறிவு தேவைப்பட்டது.

மூன்றாமவர் பேணுபவர். புனேயின் எரவாடாவில் 1986ஆம் ஆண்டு அனில் அவசட், டாக்டர் அனிதா அவசட் தம்பதியர், மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டேயின் பொருளுதவியுடன் தொடங்கிய முக்தாங்கண் மையம், போதைப் பழக்கத்தில் சிக்கியவரைக் குற்றவாளியாகக் காணாமல் அன்புடன் அணைத்து, குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்கிறது. மாத்திரைச் சார்புக்கும் இப்பார்வை பொருந்தும். மாத்திரை குறையும் இரவுகளில் உடன் விழித்திருக்கும் ஒருவர், வாரம் ஒருமுறை அழைத்து விசாரிக்கும் ஒரு குரல் ஆகியவை சிறிய உதவிகளல்ல. ஒருவரும் இல்லாதவர்களுக்கு, 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவை உண்டு. 14416 என்ற எண்ணில் தமிழ், மராத்தி உள்ளிட்ட மொழிகளில் கட்டணமின்றிப் பேசலாம்.

உறக்கம் வரும் வழி

செல்வம், கல்வி முதலியவற்றை முயன்று பெறலாம். உறக்கத்தை முயன்று பெற முடியாது. முயற்சி ஓயும் இடத்தில்தான் அது வருகிறது. மாத்திரை அளித்த மயக்கங்களுள் ஒன்று, உறக்கத்துக்கு ஆணையிடலாம் என்ற எண்ணம். நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது மருந்தன்று, எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் பயிற்சியே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், உறக்கம் வராதபோது படுக்கையை விட்டு எழுந்து அமைதியாக இருத்தல், படுக்கையைக் கவலைக்கு இடமாக்காதிருத்தல், ‘இன்று உறங்கியே தீரவேண்டும்’ என்ற பிடிவாதத்தைத் தளர்த்தல் ஆகியவை அப்பயிற்சியின் கூறுகள். மிகுதியாக உறங்குபவனுக்கும், மிகுதியாக விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறும் மிதமும் இதுவே.

இவ்வழியில் நடப்பவர் அனைவரும் முற்றிலும் விடுபடுவர் என்று சொல்ல இயலாது. சிலர் பாதி அளவில் நின்றுவிடலாம். சிலர் ஒருமுறை தவறி மறுபடியும் தொடங்கலாம். பாதியும் ஓர் ஆதாயமே, மறுதொடக்கமும் தோல்வியன்று. அன்பர்கள் தம் இல்லத்தில் இம்மாத்திரையோடு போராடும் ஒருவரைக் காணின், “ஏன் இன்னும் விடவில்லை?” என்று கேட்க வேண்டாம். “மருத்துவரிடம் போகும்போது நானும் வரட்டுமா?” என்று கேட்டால் போதும்.